அறுபதாம் கல்யாணமும் ஒரு சேற்றுப்புண்ணும்

என்னை விளையாட்டு வீரர்களோடு சேர்த்துப் பேசிய ஒரே மனிதர் ஒரு தோல் மருத்துவர். என் வலது காலின் கடைசி இரண்டு விரல்களை விலக்கிப் பார்த்துவிட்டு, "அத்லெட்ஸ் ஃபுட்டுங்க" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் என்றால் அன்றைக்குக் காலையிலேயே காய்ச்சலை வரவழைத்துக்கொண்டவன் நான். அறுபதை எட்டிப் பிடிக்கிற வயதில் இப்படி ஒரு பட்டம் கிடைத்தால் விடுவேனா? வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம் சொன்னேன்.

"இதென்ன அதிசயமுங்க, இதுக்குப் பேரு சேத்துப்புண்ணு," என்றாள் அவள். "எங்கப்பாரு அன்னூர்த் தோட்டத்துல நாளெல்லாம் தண்ணி கட்டி வாங்குனாரு. நீங்க சோபாவுல உக்காந்துட்டே வாங்கிப்போட்டீங்க."

சோபாவில் உட்கார்ந்து வாங்கினேன் என்பது பாதி உண்மைதான். மீதியை அந்த ஷூக்கள் பார்த்துக்கொண்டன.

எனக்குச் சிங்காநல்லூரில் இரண்டு லேத் ஓடும் சின்னப் பட்டறை. பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது தொழில். வயிறு எனக்கு முன்னால் பட்டறைக்குள் நுழைய ஆரம்பித்ததைப் பார்த்து, பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளை நடைப்பயிற்சிக்கென்று ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்தார். நீல நிறம், ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு. போட்டால் கால் தரையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. குளத்தைச் சுற்றி இரண்டு சுற்று நடக்கச் சொன்னார். ஒரு சுற்று நடந்தேன். இரண்டாம் சுற்றை பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து முடித்தேன். ஆனால் ஷூவை மட்டும் கழற்ற மனம் வரவில்லை. பட்டறைக்கும் அதுதான், கல்யாண வீட்டுக்கும் அதுதான், துக்க வீட்டுக்கும் அதுதான். மழையில் நனைந்தால் அப்படியே வைத்துவிட்டு மறுநாள் ஈரத்தோடு மாட்டிக்கொள்வேன். உள்ளே இருந்த சாக்ஸ் நேற்றையது. முந்தாநாளையதாகவும் இருக்கலாம், அதை நான் விசாரிக்கவில்லை.

சாதாரண நாளாக இருந்தால் அரித்தால் சொறிந்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் சரியாக ஆறு வாரத்தில் எங்களுக்கு அறுபதாம் கல்யாணம், கொடுமுடிக் கோயிலில். அறுபதாம் கல்யாணத்தில் தாலி கட்டுவது, மாலை மாற்றுவது எல்லாம் எனக்குத் தெரிந்த வேலை. ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறேன். தெரியாதது பாத பூஜை. மகளும் மாப்பிள்ளையும் எங்கள் இருவர் பாதத்தையும் தாம்பாளத்தில் வைத்து, தண்ணீரும் பாலும் விட்டுக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட வேண்டும். ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனையும் சுற்றி நின்று பார்க்கும். புகைப்படக்காரர் வேறு, "பாதத்துக்கு ஒரு க்ளோசப் கண்டிப்பா எடுக்கறனுங்க" என்று முன்கூட்டியே மிரட்டியிருந்தார்.

இதில் மாப்பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவ்வளவு சுத்தமான மனிதரை எங்கள் சொந்தத்தில் நான் பார்த்ததில்லை. பேக்கரி பெஞ்சைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். சட்டைப் பையில் கைக்குத் தேய்க்கும் சானிட்டைசர் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் வீட்டுக்குள் அவர் வெறுங்காலோடு நடந்து நாங்கள் பார்த்து மாதக்கணக்காகிறது. ஷூவை வாசலில் விட்டுவிட்டு வெள்ளை சாக்ஸோடு உள்ளே வருவார், சாக்ஸோடு சாப்பிடுவார், சாக்ஸோடு தூங்குவார். எங்கள் தரை அவருக்குச் சுத்தமாகப் படவில்லை போலிருக்கிறது என்று மனைவிக்கு உள்ளுக்குள் ஒரு குறை. அவர் வருகிற நாளில் மூன்று தடவை தரையைத் துடைப்பாள். அப்படிப்பட்டவர் கையில் தோல் உரிந்து, வெளுத்து, வெடித்த என் காலைக் கொடுப்பதா? பார்க்க அருவருப்பு ஒருபக்கம், போதாததற்கு இது ஒட்டிக்கொள்ளும் வியாதி வேறு.

"பாத பூஜையை மட்டும் விட்டுப்போடலாமா?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"விட்டுப்போடலாமே," என்றாள் மனைவி. "உங்க காலை விட்டுப்போடலாம். என் காலுக்கு எம்புள்ள தாம்பாளம் வாங்கி வெச்சாச்சு."

தோல் மருத்துவர் சுலபமாகத்தான் சொன்னார். களிம்பு தினமும் இரண்டு வேளை. விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. ஆறின மாதிரி தெரிந்தாலும் நிறுத்தாமல் தொடர்ந்து போட வேண்டும். நான் "சரிங்க" என்றேன். எங்கள் ஊர்ப்பக்கம் யார் எதைச் சொன்னாலும் முதலில் சரிங்க என்றுவிடுவோம். அது மரியாதை. செய்வதா வேண்டாமா என்பது வீட்டுக்குப் போய் யோசிக்கிற விஷயம். ஐந்தாம் நாள் அரிப்பு நின்றது. களிம்பையும் நிறுத்திவிட்டேன். அடுத்த வாரமே அரிப்பு ஒறம்பரையைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. இந்தமுறை இடது காலிலும்.

கணக்கைத் தப்பாகப் போட்ட பையன் அதே வாத்தியாரிடம் திரும்பப் போவானா? அந்த மருத்துவர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுத்தான் ஹோமியோபதிக்குப் போனேன். கிளினிக் பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. டாக்டரம்மாவுக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். நான் ஷூவைக் கழற்றத் தயாராகக் குனிந்தேன். அவரோ காலைப் பார்க்கவே இல்லை. ஒரு நீளமான தாளை எடுத்துவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தாகம் எப்படிங்க? அப்பப்ப ஒரு வாயா, இல்ல ஒரேடியா ஒரு சொம்பா?"

கால் புண்ணுக்கும் சொம்புக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. ஆனாலும் சந்தோஷமாகப் பதில் சொன்னேன். இத்தனை வருஷத்தில் என் தாகத்தைப் பற்றி அக்கறையாகக் கேட்டவர் யாருமில்லை.

"கனவு வருங்களா?"

"வருமுங்க. பஸ்சுக்குப் பின்னாடி ஓடற மாதிரி."

"ஓடறதெல்லாம் கனவுல மட்டுந்தானுங்க," என்றாள் கூடவே வந்திருந்த மனைவி.

"கோவம் வருங்களா?"

"சேச்சே."

மனைவி மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தபடி, "நேத்து சட்னி தண்ணியா இருக்குதுன்னு தட்டத்தை அக்கட்டால தள்ளுனது ஆருங்க?" என்றாள்.

"அது கோவமில்லீங்க டாக்டரம்மா. கருத்து."

"யாராச்சும் சொன்னாக் கேப்பீங்களா?"

"எல்லாருக்கும் சரின்னு சொல்லிருவனுங்க."

"சொல்லுவாருங்க. அதோட முடிஞ்சுது," என்றாள் மனைவி.

அதை மட்டும் டாக்டரம்மா அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் காலைப் பார்த்தார். கேட்ட முதல் கேள்வியே, "களிம்பை எப்பங்க நிறுத்துனீங்க?" மாட்டிக்கொண்டேன்.

"அத மறுபடி ஆரம்பிச்சிருங்க. இது பூஞ்சைக் காளான். அதைக் கொல்ற வேலை களிம்போடது. எம்பட மாத்திரை கூடத் தொணைக்கு நிக்கும், அவ்வளவுதானுங்க. இதை நம்பி அதை விட்டுப்போடாதீங்க."

இப்படி ஒரு டாக்டரை நான் கண்டதில்லை. தன் மருந்தைத் தானே பின் சீட்டில் உட்காரவைக்கிறார். ஆனால் சட்டம் போடுவதில் அவர் சர்க்காரைத் தோற்கடித்துவிட்டார். கடுகைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை உருண்டைகள். அவற்றைக் கையால் தொடக் கூடாது. குப்பி மூடியில் தட்டி, அப்படியே நாக்குக்கடியில் போட்டுக்கொள்ள வேண்டும். போடுவதற்கு முன்னால் கால் மணி நேரமும் போட்டபின் கால் மணி நேரமும் வாயில் ஒன்றும் கூடாது. காப்பி அறவே கூடாது. அந்த முதல் கால் மணி நேரத்தில் பாதத்தைக் கழுவி, காலுக்கென்றே ஒதுக்கிய துண்டால் ஒவ்வொரு விரலிடுக்கையும் ஒற்றி எடுத்து, ஃபேனுக்கடியில் நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். காய்ந்தபின் களிம்பு. பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதற்கப்புறம்தான் உருண்டை.

"வரிசை மாறக் கூடாதுங்க," என்று விரலை ஆட்டினார். "அந்த ஷூவ ரெண்டு நாளு நல்ல வெய்யில்ல போடுங்க. சாக்ஸு தினமும் தொவைச்சது, பருத்தியில."

கீழே இறங்கினால் பேக்கரி. அப்போதுதான் டிகாக்‌ஷன் இறக்குகிறார்கள். அந்த வாசனைக்குள்ளே நுழைந்து, ஒன்றும் வாங்காமல் மறுபக்கம் வெளியே வந்தேன். குளத்தை நான்கு சுற்று சுற்றியிருந்தால்கூட அவ்வளவு களைத்திருக்க மாட்டேன்.

அன்றிலிருந்து காலை ஆறரைக்கும் மாலை ஏழுக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு காட்சி. நான் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் முக்காலி மேல் நீட்டியிருப்பேன். பத்து விரலும் விசிறி மாதிரி விரிந்திருக்கும். களிம்பை ஐந்தே நாளில் ஏமாற்றியவனுக்கு உருண்டையை ஏமாற்ற மட்டும் மனம் வரவில்லை. அத்தனை சட்டம் போட்ட மருந்துக்குள்ளே ஏதோ இருக்க வேண்டும் என்று ஒரு பயம். இனிப்பாக வேறு இருந்தது. பட்டறையில் பத்து மணிக் காப்பியை மறுத்ததும், எனக்கு ஏதோ பெரிய சீக்கு என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார். காலில்தான் புண் என்று சொன்னதும் அவருக்குப் பொக்கென்று போய்விட்டது. பாட்டிலைத் திரும்ப எடுத்துப் போகவும் முடியாமல், வைத்துவிட்டுப் போகவும் மனமில்லாமல் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்.

உருண்டை கரைகிற வரைக்கும் நான் வாயைத் திறக்க முடியாது என்பதை மனைவி இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். கல்யாண வேலை அத்தனையையும் அந்த நேரத்துக்கு ஒதுக்கிக்கொண்டாள். பந்தியில் என்ன போடுவது, யாருக்கு எந்த வேட்டி, யாரை முதலில் அழைப்பது என்று எதிரில் உட்கார்ந்து வாசிப்பாள். நான் கண்ணாலேயே பதில் சொல்ல வேண்டும்.

"ஏனுங், முப்பத்தஞ்சு வருசத்துல நான் பேசி முடிக்கற வரைக்கும் நீங்க கேட்டது இதுதான் மொதத் தடவை," என்றாள் ஒருநாள். "கால் ஆறுனாலும் இதை நிறுத்தாதீங்க."

பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கையில் வெடிப்பு மூடிவிட்டது. தோல் தோலாகவே இருந்தது. டாக்டரம்மாவிடம் போய், "எதுங்க கேட்டுச்சு? உங்க மாத்திரைதானுங்களே?" என்றேன், அவருக்குச் சந்தோஷமாக இருக்கட்டுமே என்று.

அவர் சிரித்துவிட்டார். "நான் அப்படிச் சொல்ல மாட்டேனுங்க. களிம்பு ஒழுங்காப் போட்டீங்க, காலைக் காய வெச்சீங்க. ஈரத்தைத் தொடைங்கன்னு வெறுமனே சொன்னா நீங்க சரிங்கன்னுட்டுப் போயிருவீங்க. மாத்திரைக்கு முன்னாடி தொடைக்கோணும்னா செய்யறீங்க. அதுக்குத்தான் வரிசை போட்டது."

அடிக்கோட்டின் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. அவர் கையோடு என்னைத் தோல் மருத்துவரிடம் அனுப்பினார். அந்த மருத்துவர் விரலை விலக்கிப் பார்த்து, "ஆறிருச்சுங்க. ஆனா இன்னும் ரெண்டு வாரம் போடோணும், போன தடவை மாதிரி செய்யாதீங்க" என்றார். களிம்பை நான் பாதியில் விட்டதை டாக்டரம்மா சீட்டில் எழுதி அனுப்பியிருந்தார். பூஜையன்று மகளும் மாப்பிள்ளையும் காலைத் தொடலாமா என்று கேட்டேன். அதற்குள் நன்றாகவே தேறிவிடும், தாராளமாகத் தொடலாம் என்றார்.

இத்தோடு விட்டிருந்தால் இது நல்லபடியாக முடிந்த கதை. பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், பள்ளித் தோழரான பாயை அழைக்கக் கோட்டைமேட்டுக்குப் போனேன். அவருக்கு அங்கே செருப்புக் கடை. என் கால் சங்கதி முழுக்கத் தெரிந்தவர்.

"ஆறிப்போச்சு பாய்," என்று செருப்பைக் கழற்றிக் காட்டினேன்.

"ஆறுனது சரி மச்சான், காவலுக்கு ஆளு வேணாமா?" என்றவர், உள்ளே போய் வாழையிலையில் சுற்றி ஒரு உருண்டை மருதாணி கொண்டுவந்தார். "வூட்டுல இப்பத்தான் அரைச்சாங்க. சேத்துப்புண்ணுக்கு எங்க வாப்பா காலத்துல இருந்து இதான். ஒருக்கா வெச்சுப்போடு, அப்பறம் பயமே இல்ல."

நான் என்ன சொல்லியிருப்பேன்? சரி என்றேன். சொன்னதைச் செய்ய வேண்டும் என்று அப்போதுதான் புதிதாகப் பழகியிருந்தேன் அல்லவா, வீட்டுக்கு வந்ததும் செய்தும்விட்டேன். மதியம் மனைவி புடவைக்கு ஜாக்கெட் வாங்கப் போயிருந்தாள். பத்து விரலிடுக்கிலும் மருதாணியை அப்பிக்கொண்டு, காலை நீட்டிச் சாய்ந்தேன். பத்து நிமிஷம் என்று நினைத்தேன். அவள் வந்து கதவைத் தட்டியபோது மணி நாலு.

கழுவினால் இரண்டு பாதமும் பாதிவரைக்கும் செக்கச்செவேல் என்றிருந்தது.

மனைவி ஜாக்கெட் பையைக் கீழே வைத்தாள். பிறகு, "கலியாணப் பொண்ணு நானுங்களா, நீங்களா?" என்றாள்.

எலுமிச்சை தேய்த்தேன், சோப்புத் தேய்த்தேன், தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க நிறம் தெளிந்து பளபளவென்று வந்ததே தவிர, போகவில்லை. இரண்டு நாளும் வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிந்தேன், மாப்பிள்ளை மாதிரி.

கொடுமுடியில் காலையில் காவிரியில் முழுகி எழுந்து, பட்டுவேட்டியை முடிந்தவரை தாழ்த்திக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன். மாலை மாற்றியாயிற்று, தாலி கட்டியாயிற்று. "பாத பூஜைக்கு வாங்கோ" என்றார் குருக்கள். தாம்பாளம் வந்தது. இனி ஒளிக்க இடமில்லை. வேட்டியைத் தூக்கிப் பாதத்தை எடுத்து வைத்தேன்.

கூட்டம் மொத்தமும் எட்டிப் பார்த்தது. அப்புறம் பின்வரிசையிலிருந்து யாரோ, "மாப்பிள்ளை முறுக்கு அறுபதுலயும் கொறையலியே!" என்றார்கள். மண்டபமே சிரித்தது. புகைப்படக்காரர் தவழ்ந்து வந்து விரல் விரலாக எடுத்தார். மகள் தலை நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

நான் சிரிக்கிறவர்களைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேட்டி கட்டி, சாக்ஸ் இல்லாமல், தயங்கித் தயங்கி வந்து என் எதிரில் மண்டியிட்டார். முகம் வெளிறியிருந்தது. என் காலைப் பார்த்துத்தான் என்று நினைத்தேன். சானிட்டைசரை எடுத்து இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டார், குருக்கள் முறைத்தார். தண்ணீர் விட்டார், பால் விட்டார், மறுபடி தண்ணீர் விட்டார். அடுத்து மஞ்சள் வைக்க வேண்டும். அவரோ இடுப்பில் செருகியிருந்த ஒரு வெள்ளைத் துண்டை உருவி, என் சுண்டுவிரலை விலக்கி, இடுக்கை ஒற்றி எடுத்தார். அடுத்த இடுக்கு. அதற்கடுத்தது. அவ்வளவு பதமாக, ஒன்று விடாமல்.

"முகூர்த்தம் போயிண்டிருக்கு," என்றார் குருக்கள்.

"இடுக்குல ஈரம் நிக்கக் கூடாதுங்க சாமி," என்றார் மாப்பிள்ளை, தன்னை அறியாமல்.

இது பெங்களூர்ச் சுத்தம் இல்லை. பட்டவன் பேச்சு. குனிந்து பார்த்தேன். மண்டியிட்டிருந்த அவருடைய பாதம் பக்கவாட்டில் தெரிந்தது. கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு. அந்தக் களிம்பை எனக்குத் தெரியாதா? ஆறு வாரமாக என்னோடு குடித்தனம் நடத்தியது ஆயிற்றே.

"மாப்பிள்ளை, உங்களுக்குமா?" என்றேன் காதோரமாக.

அவர் காது என் விரலைவிடச் சிவந்துவிட்டது. "எட்டு மாசமாங்க மாமா. போறதும் வர்றதுமா இருந்துச்சு. உங்க ஊட்டுத் தரையில ஒட்டிப்போடும்னுதான் சாக்ஸைக் கழட்டறதில்ல. இன்னைக்கு எல்லாரு முன்னாடியும் வெறுங்கால்ல நிக்கோணுமேன்னு ஆறு வாரமா பயமுங்க. போன வாரந்தான் ஆறிருச்சுன்னு டாக்டரு சொன்னாரு. களிம்பை மட்டும் விடாதீங்கன்னாரு."

"அந்த நீல ஷூ?"

"உங்களுக்கு வாங்கறப்ப எனக்கும் ஒரு ஜோடி எடுத்தேனுங்க. நெம்ப நல்லா இருந்துச்சா, கழட்டவே மனசு வரல."

நான் சிரித்த சிரிப்பில் தாம்பாளத்துத் தண்ணீர் தளும்பிக் குருக்களின் வேட்டியில் தெறித்தது. "இதென்னுங்க, பூஜையில குசுகுசுன்னு?" என்று மனைவி இடித்தாள். சொன்னேன். அவள் முதலில் மாப்பிள்ளையின் காலைப் பார்த்தாள், அப்புறம் என் காலைப் பார்த்தாள். "அதானே பாத்தேன், என் தரையில என்ன கொறைன்னு," என்று நீளமாக ஒரு மூச்சுவிட்டாள். மாதக்கணக்காக உள்ளே கிடந்த குறை அந்த மூச்சோடு போய்விட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்தில் ஒரு ஃபேனைப் பிடித்து, இரண்டு பேரும் எதிரெதிரே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். என் உருண்டைக் குப்பியை அவருக்குத் தரவில்லை. அது எனக்குப் பார்த்துக் கொடுத்தது. அவருடைய தாகம் சொம்பா ஒரு வாயா என்று டாக்டரம்மாவிடம் அவரேதான் போய்ச் சொல்ல வேண்டும். வரிசையை மட்டும் சொல்லிக் கொடுத்தேன். கழுவு, ஒற்று, காயவை, களிம்பு, கைகழுவு. அவர் "சரிங்க மாமா" என்றார். அந்தச் சரிங்கவை நான் நம்பவில்லை. மகளைக் கூப்பிட்டுக் கண்காணிக்கச் சொன்னேன்.

அன்று மாலையே குடும்ப வாட்ஸப் குழுவில் அந்த க்ளோசப் வந்துவிட்டது. மருதாணி இவ்வளவு சிவந்தால் வீட்டுக்காரிக்கு என்மேல் அத்தனை பாசமாம். எழுதியவர்கள் ஏழெட்டுப் பேர். மனைவி யாருக்கும் மறுப்புத் தெரிவிக்கவில்லை.

பொங்கலுக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். குளியலறையில் இரண்டு ஆணி, இரண்டு நிறத்தில் இரண்டு கால் துண்டு. மதில்மேல் நல்ல வெயிலில் ஒரே மாதிரி இரண்டு ஜோடி நீல ஷூ, நாக்கை வெளியே இழுத்துப்போட்டபடி காய்ந்துகொண்டிருந்தன. தெருவில் போன எதிர்வீட்டுக்காரர் நின்று பார்த்தார்.

"ஏனுங், ஊட்டுல ஆருங்க வெளையாட்டு வீரரு?"

"ரெண்டு பேரு இருக்கறோமுங்க," என்றேன்.